கயிற்றுக் கடையில் கலைக்களஞ்சியம்

சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது, வேலைக்கு வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினால்கூட ஏன் மாற்றினாய் என்று கேட்க உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் விழித்திருப்பார். இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதுகிறவர்களின் பிழைப்பு இதுதான்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எங்களுக்குக் கயிற்றுக் கடை. படகுக்கு நைலான் கயிறு, வலைக்கு மிதவை, ஈயக் குண்டு, நங்கூரம், தார்ப்பாய் என்று மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறோம். என் வீட்டுக்காரர் ஜெபராஜ் சாத்தான்குளத்துப் பக்கம். இத்தனை வருஷம் வடசென்னையில் இருந்தும் பேச்சு மட்டும் இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை. சரக்கை அவர் பார்ப்பார், கல்லாவில் நான் உட்காருவேன். ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வரும் இடைவெளியில் போனில் கலைக்களஞ்சியம் திருத்துவேன்.

உங்களிலும் சிலர் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுச் சான்று தேடப் போனவர்களாக இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொன்னால், “அதையெல்லாம் ஆளுங்களா எழுதுறாங்க?” என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

கடல் இடம் மாறியது

நான் இதில் இறங்கியது என் மகளால். அவள் பள்ளிக்கூடத்தில் அவரவர் வசிக்கும் பகுதியைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருப்பது எர்ணாவூர். கலைக்களஞ்சியத்தில் எர்ணாவூர்ப் பக்கத்தைத் திறந்து அவள் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். ஊருக்கு மேற்கே வங்காள விரிகுடா என்று வந்ததும் நிறுத்தினாள். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் சூரியன் கடலிலிருந்து எழுவது தெரியும். அப்படியிருக்க, கடல் எப்படி மேற்கே போகும்? மகள் என்னைப் பார்த்தாள். பக்கத்தின் மேலே ‘தொகு’ என்று ஒரு சொல் இருந்தது, திருத்தலாம் என்று அர்த்தம். அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. நான்தான் பார்த்ததில்லை.

அழுத்தினேன். கடவுச்சொல் கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ‘மேற்கே’ என்பதை அழித்துக் ‘கிழக்கே’ என்று போட்டுச் சேமித்தேன். பக்கத்தை மூடித் திறந்தேன். வங்காள விரிகுடா கிழக்கே இருந்தது. என் வீட்டுக்காரரின் போனில் பார்த்தோம், அங்கேயும் கிழக்கே. மும்பையில் இருக்கும் என் தங்கையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், அவளுக்கும் கிழக்கே. வீட்டுக்காரர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கடை போர்டுல ஒரு எழுத்து மாத்தணும்னாலே பெயிண்டர் நம்மள அலைய விடுதான். நீ கடலையே தூக்கி அந்தப் பக்கம் வச்சிருக்க, ஏன்னு கேக்க ஒருத்தரும் வரலியே.”

ஒற்றுப் போடுகிறவர்

யாரும் வரவில்லை என்று நினைத்தது தப்பு. கொஞ்ச நாளில் நான் தைரியமாகி, எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என்று தெருத் தெருவாக எழுத ஆரம்பித்தேன். கயிறு அளந்து கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், நான் விட்ட ஒற்றெழுத்துகள் எல்லாம் சேர்ந்திருக்கும். வேண்டாத இடத்தில் நான் போட்ட ஒற்று போயிருக்கும். செய்தவர் பெயர் ‘பனங்காய்’ என்று இருந்தது. அது புனைபெயர். ஒருநாள், எழுதுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுப் பக்கத்தில் நன்றி சொல்லி எழுதினேன். உங்களுக்கு எந்த ஊர், எண்ணூரை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறீர்களே என்றும் கேட்டேன்.

அவர் கனடாவில் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, நடக்கப் பழகும் வயதில் பெற்றோரோடு வெளியேறியவர். தமிழ் எழுதப் படித்ததே அங்கே போய்த்தானாம். எண்ணூரை அவர் பார்த்ததில்லை. சென்னை விமான நிலையத்தைக்கூடப் பார்த்ததில்லை. பேருந்து கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போது, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து எங்கள் ஊர்ச் சுனாமிக் குடியிருப்பைப் பற்றிய பக்கத்துக்கு ஒற்றுப் போடுகிறார். எனக்கு அதை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. உங்கள் சொந்த ஊருக்குப் பக்கம் இருக்கிறதா, நீங்கள் எழுதினீர்களா என்று கேட்டேன். பதில் வர இரண்டு மூன்று நாளானது. “எங்கட ஊரைப் பற்றி எழுத எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை அக்கா. அதுதான் உங்கட ஊரைத் திருத்திக்கொண்டிருக்கிறன்.”

இல்லாத குப்பம்

எங்கள் வாடிக்கையாளர்களில் தேசப்பன் என்று ஒருவர். முகத்துவாரக்குப்பத்துக்காரர், சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார். எல்லா ஊருக்கும் எழுதுறியே, எங்க குப்பத்துக்கு எழுத மாட்டியா என்று அவர்தான் கேட்டார். எழுதினேன். ஆறு கடலில் சேரும் இடம், படகுகள், மாதா கோயில், அம்மன் கோயில் என்று சின்னப் பக்கம். மறுநாள் காலை அந்தப் பக்கத்தின் தலையில் சிவப்புப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. இப்படி ஓர் ஊர் இருப்பதற்குச் சான்று இல்லை, ஒரு வாரத்துக்குள் காட்டாவிட்டால் நீக்கப்படும் என்று மதுரைக்காரர் ஒருவர் போட்டிருந்தார். நம் எல்லாருக்கும் இந்தச் சிவப்புப் பெட்டியைத் தெரியும்.

தேசப்பனிடம் சொன்னதுதான் தாமதம், அடுத்த நாள் கடை வாசலில் பாதிக் குப்பம் நின்றது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, படகுப் பதிவு என்று ஆளுக்கொன்று. ஒரு அம்மா கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்திருந்தார். மணமகள் இல்லம் முகத்துவாரக்குப்பம் என்று அதில் அச்சடித்திருக்கிறதாம். அதெல்லாம் செல்லாது, ஏதாவது புத்தகத்திலோ பத்திரிகையிலோ வந்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, அமைதியாகக் கலைந்து போனார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. வாரம் முடிவதற்குள் சிவப்புப் பெட்டி காணாமல் போயிருந்தது. எடுத்தவர் யாரென்று பார்த்தால், அதைப் போட்ட அதே மதுரைக்காரர். விடுமுறை நாளில் நூலகத்துக்குப் போய், மீன்பிடித் துறைகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றில் குப்பத்தின் பெயரைக் கண்டுபிடித்து, பக்க எண்ணோடு அடிக்குறிப்பும் சேர்த்திருந்தார். கூடவே, என்னால் வந்த சிரமத்துக்கு ஊர்க்காரர்களிடம் வருத்தம் சொல்லிவிடுங்கள் என்று ஒரு வரி. தேசப்பனிடம் அதைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “இல்லன்னு சொன்ன ஆளே போயி கீதுன்னு கண்டுபுட்ச்சாரா? அந்த மன்சன ஒருநாள் கூப்புடு அக்கா, வூட்ல சோறு போடணும்.”

எறும்புக்காரர்

வடசென்னையில் இருந்து எழுதுகிறவர்கள் ஒருநாள் நேரில் சந்திக்கலாம் என்று முடிவாகி, இராயபுரத்தில் ஒரு தேவாலயத்தின் பின்பக்கக் கூடத்தில் கூடினோம். நான் கூட்டத்தில் நுழையத் தயங்கும் ஆள். வீட்டுக்காரர் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஏழெட்டுப் பேர்தான். ஒரு கன்னியாஸ்திரி, அவர் எழுதுவது முழுக்கக் கிரிக்கெட் மைதானங்களைப் பற்றி. மருந்துக் கடைக்காரர் ஒருவர், அவருக்குப் பழைய இரயில் நிலையங்கள். ஒவ்வொருவரும் எழுந்து என்ன எழுதுகிறோம் என்று சொல்லச் சொல்ல, எனக்கு எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோனது. தினமும் இவர்களோடுதானே பஸ்ஸில் இடித்துக்கொண்டு போகிறோம்.

கடைசியில் எழுந்தவர் துறைமுகத்தில் கிரேன் என்னும் பளுதூக்கி எந்திரம் ஓட்டுகிறவர். வாட்டசாட்டமான ஆள், குரல் மட்டும் மெல்லிசு. அவர் எறும்புகளைப் பற்றி எழுதுகிறார். வேறு எதுவும் இல்லை, எறும்புகள். தமிழில் எறும்பு வகைகளுக்கு இருக்கும் பக்கங்களில் முக்கால்வாசி அவருடையது. கன்னியாஸ்திரி அவரிடம், இவ்வளவு பெரிய எந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எறும்பு மேல் என்ன ஆசை என்று கேட்டார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை; யோசித்துத்தான் சொன்னார். “மேல ஒக்காந்துகினு பாத்தா கப்பல் கன்டெய்னர் எல்லாமே தம்மாத்துண்டா கீதும்மா. எறங்கி வந்தா, எதையாச்சும் கிட்ட போயி பெர்சா பாக்கணும்னு தோணுது.”

முதுகு

கலைக்களஞ்சியத்தில் எண்ணூர்க் கழிமுகத்துக்கு நல்ல படம் இல்லை. தேசப்பனின் படகில் நானும் வீட்டுக்காரரும் போனோம். விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஒருபக்கம் நிற்க, அவற்றின் கீழே ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. இளஞ்சிவப்பு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அந்தச் சாம்பல் நிறத் தண்ணீரில்தான் அந்த நிறத்தை முதல்முறை பார்த்தேன். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார், கோயிலுக்குள் இருப்பவர்போல.

கொஞ்சம் தள்ளி ஒரு பெண், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி அடிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையைப் பல்லால் கவ்வியிருந்தார். குப்பம்மா என்று தேசப்பன் அறிமுகம் செய்தார். என் வயதுதான் இருக்கும். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். கூடை வாயில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். அவர் எழுந்து நடக்கும்போது பின்னாலிருந்து எடுத்தது நன்றாக வந்தது: நனைந்த முதுகு, அதற்கு அப்பால் பறவைகள், அதற்கும் அப்பால் புகைபோக்கிகள்.

அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தேன். சில மாதம் கழித்துப் பார்த்தால், கழிமுகங்களைப் பற்றிய ஜப்பானியப் பக்கத்தில் அது இருந்தது. போர்த்துகீசியப் பக்கத்தில் இருந்தது. ஃபின்லாந்துக்காரர்கள் பக்கத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகளுக்கு நடுவே குப்பம்மா நடந்து போய்க்கொண்டிருந்தார். முகத்துவாரத்துக்குப் போய் அவரைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். “எம் முதுவ நானே பாத்தது இல்ல. லோகமே பாத்துகினு கீதா?”

பள்ளிக்கூடத்து மாடி

அந்த மழைக்காலத்தில் மழை விடவே இல்லை. மணலிப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது, சடையங்குப்பத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று காலையிலேயே பேசிக்கொண்டார்கள். தேசப்பனும் அவருடைய ஆட்களும் படகோடு புழல் பக்கம் போயிருந்தார்கள். நாங்கள் கடையைப் பாதி திறந்து வைத்திருந்தோம், கயிறு தேவைப்படும் என்று.

எதிர்பார்த்தபடியே ஒரு லாரி வந்து நின்றது. கடலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு ஃபைபர் படகுகளை ஏற்றிக்கொண்டு, உதவி செய்ய வந்த மீனவர்கள். அவர்களுக்குத் தலைவர்போல இருந்தவர் முருகேசன் என்று பெயர் சொன்னார். கனமான கயிறு கேட்டார். என் வீட்டுக்காரர் கயிற்றை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, முருகேசன் தன் போனை என்னிடம் நீட்டினார். வழி சொல்ல ஆள் இல்லை, கோயம்புத்தூரில் இருந்து உதவிக்கு ஆள் திரட்டும் ஒருவர் இதை அனுப்பியிருக்கிறார், இதில் இருப்பது சரிதானா என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். சடையங்குப்பத்தைப் பற்றிய கலைக்களஞ்சியப் பக்கம். மழை பெய்தால் மணலிப் பக்கத்துச் சாலை முதலில் முழுகும், எர்ணாவூர்ப் பக்கத்துப் பாதை சற்று மேடு, தண்ணீர் ஏறும்போது மக்கள் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போவார்கள் என்று அதில் இருந்தது. அது நான் எழுதியது. கோடையில் தார்ப்பாய் கொடுக்க அந்த ஊருக்குப் போனபோது, விஜயா என்று ஒரு பெண் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துச் சொன்ன விஷயம். பிறகு ஒரு செய்தித்தாளிலும் அதே விவரம் கிடைத்ததால் சான்றோடு சேர்த்திருந்தேன்.

நீங்கள் யாராவது இப்படி நின்றிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. எழுதும்போது அது ஒரு வரி. இப்போது இரண்டு படகும் ஒரு லாரியும் பத்துப் பதினைந்து ஆட்களும் அந்த வரியை நம்பிக் கிளம்பப் போகிறார்கள். அது தப்பாக இருந்தால் இவர்கள் தப்பான பக்கம் போய் நிற்பார்கள். மாடியில் இருக்கிறவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். விஜயாவின் எண்ணுக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முருகேசன் மறுபடியும், யார் எழுதினதுன்னு தெரியல, நம்பலாமா என்று கேட்டார். நான்தான் எழுதினேன் என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அப்படியானால் நீங்களே வண்டியில் ஏறுங்கள் என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். போனும் கையுமாக இருப்பதற்கு என்னை வாய் ஓயாமல் ஏசியவர் அவர். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் அவர் லாரியில் ஏறினார்.

எர்ணாவூர்ப் பக்கமாகப் போனோம். பாதை மேடாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் லாரி ஊர்ந்தது. மேடு முடிகிற இடத்தில் படகுகளை இறக்கினார்கள். என்னைக் கரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் கயிற்றின் ஒரு நுனியை மின்கம்பத்தில் கட்டி, மறுநுனியை அவர்களிடம் கொடுத்தார். படகுகள் வீடுகளுக்கு நடுவே திரும்பி மறைந்தன. ஜன்னல் வரை தண்ணீர் நின்ற வீடுகள். ஒரு நாய் கூரைமேல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு, எழுதிய அந்த வரியை மனசுக்குள் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். மாடி என்றுதான் விஜயா சொன்னாளா? பள்ளிக்கூடம் என்றுதான் சொன்னாளா? காதில் விழுந்ததை நான் சரியாகத்தான் எழுதினேனா?

முதலில் மோட்டார் சத்தம் கேட்டது. பிறகு படகு திரும்பி வந்தது, நிறைய ஆட்களோடு. குழந்தைகளைத் தார்ப்பாயில் பொதிந்து வைத்திருந்தார்கள். பின்னாலேயே இன்னொரு படகு. முருகேசன் தூரத்திலிருந்தே கையை உயர்த்தி மேலே காட்டினார். மாடியில்தான் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். நான் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். படகுகள் மறுபடி போயின, மறுபடி வந்தன. பள்ளிக்கூடத்து மாடி காலியாகும்வரை போய் வந்துகொண்டே இருந்தன.

கடைசிப் படகில் விஜயா வந்தாள். என் வீட்டுக்காரர் கை கொடுத்து இறக்கிவிட்டார். என்னை அந்த இடத்தில் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் எப்படி வந்தோம் என்று முருகேசன் சொல்ல, தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையும் ஜில்லென்று இருந்தது. “அன்னிக்கு நான் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன் அக்கா. அது இன்னிக்கு படகையே இட்டுகினு வந்து நிக்குது.”

உங்களுக்கும் என்றாவது ஒரு பக்கத்தில் ஒரு தப்பு கண்ணில் பட்டால் தாராளமாகத் திருத்துங்கள், ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் அடிப்பிடிக்கும் குழம்புக்கு நான் பொறுப்பில்லை.